மாமியார் எதிர்வீட்டில் நலம்

பனாமாவில் சொந்தக் கடை வைத்துக் கௌரவமாக வாழ்ந்துவரும் மாப்பிள்ளை ஒஸ்வால்தோ அவர்களுக்கு, பர்ராங்கியா நகரம் ரெபோலோ பேட்டையிலிருந்து மாமனார் தோரிபியோ, எழுத்து வாசனை இல்லாத காரணத்தால் நகராட்சி வாசலில் குடைக்கு அடியில் தட்டச்சு மெஷின் வைத்திருக்கும் மார்சியால் என்பவரிடம் வாயால் சொல்லி அடிக்கச் செய்து அனுப்பும் கடிதம்.

இங்கு நான் நலம். வீடு நலம். கோழிகள் நலம். உங்கள் மாமியார் நெரெய்தா எதிர்வீட்டில் நலம். அங்கு நீங்களும் என் மகள் யாமிலேயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நான் தினமும் கார்மென் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். மாதா சில நாட்களாக என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அது ஏன் என்பது கீழே வரும்.

மாப்பிள்ளை, "எதிர்வீட்டில்" என்று படித்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். மார்சியாலும் திடுக்கிட்டு விரலை நிறுத்தினார். "அடிங்க சார், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, நெலமையே அதுதான்" என்று சொல்லித்தான் அடிக்க வைத்தேன். நான் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. மாப்பிள்ளை அனுப்பிய பொருளைக் குறை சொன்ன மாமனார் எந்த ஊரிலும் உருப்பட்டது கிடையாது. பொருள் நல்ல பொருள். அது வந்த பெட்டி நல்ல பெட்டி. பெட்டிக்குள் அடைத்திருந்த வெள்ளைத் தக்கைகூட நல்ல தக்கை. அதை அறுத்துக் கோழிக் கூண்டுக்குக் கூரை போட்டிருக்கிறேன், வெயிலுக்கு அருமையாக இருக்கிறது. நீங்கள் அனுப்பியதில் இந்தக் குடும்பத்துக்கு நன்மை செய்தது அந்தத் தக்கை ஒன்றுதான் என்று நான் சொன்னால் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்குப் படிப்பு இல்லை, ஞாபகம் உண்டு. உங்கள் கல்யாணத்தன்று நீங்கள் போட்டிருந்த காலுறை இரண்டும் ஒரே நிறம் இல்லை என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்வேன் என்று நம்பலாம். நெரெய்தாவுக்குக் காது மந்தம் இல்லை. டிவியில் பேசுகிறவர்களுக்குத்தான் வாய் மந்தம். எட்டு மணி நாடகத்தில் சமையற்காரி கத்தினால் நன்றாகக் கேட்கும். முக்கியமான விஷயத்தை மட்டும் அந்த டாக்டரும் எஸ்டேட்காரியும் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். "என்ன சொன்னான்?" என்று இவள் என்னைக் கேட்பாள். நான் அரைத் தூக்கத்தில், "கல்யாணம் வேணாங்கறான்" என்பேன். மறுநாள் பார்த்தால் அவனுக்குக் கல்யாணம். இப்படியாக அந்த நாடகம் ஊருக்கு ஒரு கதையாகவும் எங்கள் வீட்டுக்கு வேறு கதையாகவும் ஓடிக்கொண்டிருந்தது. இதைத்தான் அவள் போனில் யாமிலேயிடம் சொல்லி அழுதாள், அதனால்தான் நீங்கள் மனமிரங்கி இந்த ஹோம் தியேட்டரை அனுப்பினீர்கள். அனுப்பியது அவளுக்கு, அவள் காதுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் வழக்கே இதில்தான் இருக்கிறது.

சாமான் வந்து இறங்கியது. ரிசீவர் என்கிற தலைமைப் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் ஐந்து, அப்புறம் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய சப்-வூஃபர் என்கிற கனத்த பெட்டி. லாரி தெருமுனை திரும்புவதற்குள்ளேயே அனிபால் வந்து நின்றுவிட்டான். அனிபாலை உங்களுக்குத் தெரியும், யாமிலேயின் ஞானத்தகப்பன், வாலிபத்தில் "தெற்கத்தி இடி" என்று பெயர் எழுதிய பிக்கோ பாட்டுப் பெட்டி வைத்திருந்தவன். பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர், மேலே புலிப் படம், அதை வண்டியில் ஏற்றிப் பேட்டை பேட்டையாகக் கொண்டுபோய் ஆட்டம் போட வைத்தவன். எழுபத்திரண்டாம் வருஷக் கார்னிவல் சனிக்கிழமை அந்த இடியைப் போட்ட வேகத்தில் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து, நெரெய்தாவின் தங்கை கல்யாணம் இருட்டில் நடந்தது. அந்தக் கல்யாண மாப்பிள்ளை மோதிரத்தைத் தோழிப் பெண் விரலில் போட்டுவிட்டான். இவ்வளவும் ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த அனிபாலிடமே பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன் பாருங்கள், அதுதான் என் விதி.

புத்தகத்தில் எழுத்து இருந்தது, அது எனக்கு ஆகாது. படம் இருந்தது. படத்தில் சோபாவில் ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் அந்தக் கனத்த பெட்டி, எல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அனிபால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"என்ன மச்சான் இது? ஒத்த ஆள நடுவுல உக்கார வச்சு எல்லாப் பெட்டியும் மொறைக்குது. போலீஸ் டேசன்லதான் இப்பிடி உக்கார வைப்பான்."

"அப்பிடித்தான் வைக்கணும் போல."

"பாவம், ஒண்டிக்கட்டை. பொண்டாட்டி இல்ல, சேக்காளி இல்ல, பக்கத்து வீடுகூட வரையல பாரு. நாதியத்தவனுக்குப் போட்ட படம் மச்சான் இது. நமக்கு எதுக்கு?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாப்பிள்ளை, நீங்களும் இந்தத் தெருவில் வந்து பெண் எடுத்தவர்தான். இங்கே பாட்டுப் பெட்டி வாங்கிய எவனாவது அதை வீட்டுக்குள் பார்த்துத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வாசலில் வைத்துத் தெருவைப் பார்த்துத் திருப்புவதுதான் மரியாதை. உள்ளே திருப்பினால், 'மருமகன் கப்பலில் அனுப்பினான், கிழவன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்கிறான்' என்று பேச்சு வரும். ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வாசலுக்குப் போனபோது நெரெய்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதை எங்க கொண்டுபோறீங்க? எனக்கு அந்த டாக்டர் பேசறது கேட்டாப் போதும். கெழவனுங்க ரெண்டு பேரும் சேந்து கார்னிவல் நடத்தாதீங்க."

"அண்ணி, தெரு பூராக் கேக்கற சத்தம் வீட்டுக்காரிக்குக் கேக்காமப் போயிருமா?" என்றான் அனிபால்.

இந்த ஒரு கேள்வியில்தான் மாப்பிள்ளை நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். முன்னால் வைக்க வேண்டிய மூன்றில் இரண்டை வாசல் தூண் இரண்டிலும் கட்டினோம். நடுவில் வைக்க வேண்டிய நீளமான ஸ்பீக்கரைத் தலைவாசலுக்கு மேலே ஆணியடித்து, மூஞ்சி தெருவைப் பார்க்கிற மாதிரி மாட்டினோம். பின்னால் வைக்கிற இரண்டு குட்டி ஸ்பீக்கருக்கு வாசலில் இடம் இல்லாததால், போகட்டும் என்று வீட்டுக்குள் நெரெய்தாவின் ஆடுநாற்காலிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்தோம். கனத்த பெட்டியைச் சாமான் அலமாரிக்கு அடியில் தள்ளினோம், அங்கேதான் கச்சிதமாகப் போனது. அந்த அலமாரியில்தான் கண்ணாடிக் கோப்பைகளும் கார்மென் மாதாவும் இருக்கிறார்கள் என்பது அப்போது எங்கள் புத்தியில் படவில்லை.

இதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். பெட்டியின் அடியில் காளான் மாதிரி ஒரு மைக் கிடந்தது. படத்தைப் பார்த்தால், அதைக் கேட்கிறவன் தலை இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும், மெஷின் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஊளையிட்டுப் பார்த்து, அந்தத் தலைக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்று தானே அளந்துகொள்ளும். "கேக்கறவன் எங்க இருப்பான்?" என்று அனிபால் கேட்டான். இதில் என்ன சந்தேகம்? எதிர்வீட்டு எனில்சா வாசலில் வாதுமை மரத்தடியில் டொமினோ மேஜை இருக்கிறது, அங்கேதானே தெருவே இருக்கிறது. அனிபால் மைக் வயரை ஒட்டுப் போட்டு நீட்டித் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் டொமினோ மேஜை நடுவில் ஒரு பாட்டில் மேல் நிறுத்தினான். எனில்சா சோள அடைக்குள் முட்டை ஊற்றிப் பொரித்துக்கொண்டிருந்தவள், கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல பேசினா பனாமாவுக்குக் கேக்குமா? ஒங்க மருமவன்ட்ட எனக்கு ஒரு இரும்புச் சட்டி சொல்லணும்" என்றாள்.

கெட்டது எங்கே என்றால், மெஷின் அளக்கிறபோது ஒரு சத்தம் இருக்கக் கூடாது. எங்கள் தெருவில், மாப்பிள்ளை! முதல் தடவை பட்டனை அமுக்கியதும் "அவகாடோ, வெண்ணெய் மாதிரி அவகாடோ" என்று கூவிக்கொண்டு பழவண்டிக்காரன் வந்தான். மெஷின் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது. அவனை அனுப்பிவிட்டு அமுக்கினால் மோட்டார் சைக்கிள். அதை நிறுத்திவிட்டு அமுக்கினால் டொமினோக்காரர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் "சும்மா இருடா", "நீ சும்மா இருடா" என்று அடக்க ஆரம்பித்து அதுவே சந்தைக்கடை ஆகிவிட்டது. சாயங்காலம் வரை போராடினோம். கடைசியில் கசாப்புக்கடை லிசாந்த்ரோவின் சவ ஊர்வலம் வந்தது. சவம் கடந்துபோகும்போது எங்கள் தெருவில் எந்த ரேடியோவும் பாடாது, ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். நானும் கழற்றினேன். கண்ணை மூடிப் பிதாவே என்று ஆரம்பித்தேன். அந்தப் புண்ணிய மௌனத்தில் அனிபால் பட்டனை அமுக்கிவிட்டான்.

ஒரு தூணிலிருந்து "ஊஊய்ப்" என்றது. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நின்றார்கள். மறு தூணிலிருந்து "ஊஊய்ப்" என்றது. சவப்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் அலமாரிக்கு அடியிலிருந்து அந்தக் கனத்த பெட்டி "உர்ர்ர்ர்" என்று உறுமியது. நான் தரைக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். லிசாந்த்ரோவின் விதவை முக்காட்டை விலக்கி எங்கள் வீட்டைப் பார்த்தாள். "சாப்ட்டு எந்திரிச்சு விடுவாரே, அதே ஏப்பம்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். போகும்போது எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. "அளந்துருச்சு மச்சான்!" என்று அனிபால் குதித்தான்.

அன்று இரவு எட்டு மணிக்கு நெரெய்தா குளித்து, பவுடர் போட்டு, ஆடுநாற்காலியில் உட்கார்ந்தாள். தெருவில் எல்லோரும் நாற்காலி கொண்டுவந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நாடகம் ஆரம்பித்தது. டாக்டர் வாயைத் திறந்தார். வீட்டுக்குள் அவர் வாய்தான் தெரிந்தது. பேச்சு முழுவதும் தலைவாசலுக்கு மேலே மாட்டிய அந்த நடு ஸ்பீக்கரில் வந்து, எங்கள் தலைக்கு மேலே தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. எங்களுக்கு வந்தது அந்தப் பக்கத்துக் குட்டியில் குதிரை, இந்தப் பக்கத்துக் குட்டியில் கதவு சாத்துகிற சத்தம். அதுவும் எப்படி? மரத்தடியில் இருக்கிற மைக்குக்குக் கேட்க வேண்டும் என்று அந்தக் குட்டிகளை மெஷின் முறுக்கி விட்டிருக்கிறது போல. குதிரை நெரெய்தாவின் காதுக்குள்ளேயே ஓடியது.

அப்புறம் நாடகத்தில் மழை பெய்தது. எங்கள் ஊரில் மழை என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெருவே ஆறாகிக் காரை அடித்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் மழை கொட்டியதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ஆறு வருது, ஆறு வருது!" என்று கத்திக்கொண்டு மெத்தையைச் சுருட்டி மேஜை மேல் போட்டேன், அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்றேன். நெரெய்தா கொல்லையில் காய்ந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். வானத்தில் நட்சத்திரம் ஜொலிக்கிறது. தெருவில் ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கு மழை அளவாக, அழகாக, பேச்சுக்குப் பின்னால் பெய்துகொண்டிருந்தது.

நான் மூட்டையை இறக்குவதற்குள் இடி இடித்தது. இடி கனத்த பெட்டி வழியாகத்தான் வரும். அலமாரி நடுங்கியது. கோப்பைகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கிசுகிசுத்தன. அந்த அதிர்வில் கார்மென் மாதா மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நெரெய்தா சிலுவை போட்டுக்கொண்டாள். எடுத்து நேராக வைத்தாள். அடுத்த இடிக்கு மாதா மறுபடியும் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் "ஆஆ!" என்று ஒரே கூச்சல். மாப்பிள்ளை, எஸ்டேட்காரியின் குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதைப் போன ஈஸ்டர் நோன்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதை அப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. என் வீட்டில், என் டிவியில், என் பெண்டாட்டிக்கு அனுப்பின மெஷினில் ஓடின நாடகத்தில், அவள் ஒருத்திக்குத்தான் தகப்பன் யார் என்று தெரியாது. துணி மூட்டையோடு வாசலுக்கு ஓடினாள்.

"யாருடி? எனில்சா, யாருடி அப்பன்?"

"அக்கா, ஒங்களுக்குக் கேக்கலையா? ஒங்க வீட்டு டிவிதானே!"

"யாருன்னு சொல்லுடி!"

"டாக்டர்" என்றான் ஒருவன். "டாக்டரோட தம்பி, செத்துப்போனவன்" என்றான் இன்னொருவன். "தம்பி சாகவே இல்ல" என்றான் அனிபால். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். எனில்சா சட்டியிலிருந்து அடையை எடுத்துக்கொண்டே, "வாங்கக்கா, உக்காருங்க, மொதல்லேருந்து நான் சொல்றேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நெரெய்தா பொறுக்கவில்லை. ஆனால் கோபம் எனில்சா மேல் போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இன்னும் நாற்காலி மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன்யா, இது யாருக்கு வந்த சாமான்?"

"ஒனக்குத்தான்."

"என் மருமவன் எனக்கு அனுப்பினது. தெருவுக்கெல்லாம் பேச்சு, எனக்கு மட்டும் இடி மழையா?"

"நாளைக்கு மாத்திரலாம், நெரெய்தா. இன்னிக்கு எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. இப்பப் போயி எப்பிடித் திருப்பறது?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அப்போது அது எனக்கு நியாயமான பேச்சாகத்தான் தோன்றியது. "எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க, நான்தான் இன்னும் வரல" என்றாள். ஆடுநாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய், மைக் வைத்த அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். டிவியை வாசலைப் பார்த்துத் திருப்பு என்று அங்கிருந்தே கை காட்டினாள். திருப்பினேன். நாடகம் முடிந்ததும் வருவாள் என்று பார்த்தேன். இரண்டு பேரும் எனில்சா வீட்டுக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அங்கேதான். எனில்சா பொரிக்கிற அடைக்கு மாவு பிசைகிறாள், டொமினோக்காரர்களை அதட்டுகிறாள், முகம் பூரித்துப் போயிருக்கிறது. எனக்கு மத்தியானச் சோறு மட்டும் எனில்சா கையில் வரும், தேங்காய்ச் சோறு, வறுத்த மீன், மரவள்ளிக்கிழங்கு. ருசியில் ஒரு குறையும் இல்லை. தட்டை மூடிக் கொண்டுவருகிறாள், அதன் கூட நெரெய்தாவிடமிருந்து ஒரு வார்த்தை வராது. தட்டைத் திறக்கும்போதெல்லாம் தேடிப் பார்க்கிறேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். டவுனிலிருந்து டிவி கடை ஆளைக் கூட்டிவந்தேன். அவன் மரத்தடிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து பார்த்தான். "பெரியவரே, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்க எல்லாரும் அந்த மரத்தடியிலதான் குடியிருக்கீங்கன்னு அது நெனைச்சுக்கிட்டிருக்கு. ஸ்பீக்கர உள்ள திருப்பி, மைக்க நாற்காலியில வச்சு, மறுபடி அளந்தாச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒருவரும் பார்க்காத மத்தியான உச்சி வெயிலில், தெருவே தூங்குகிறபோது, தூணில் ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்து உள்ளே திருப்பினேன். அளக்காமல் போட்டுப் பார்த்தேன், எட்டு மணி நாடகத்துக்கு விளம்பரம் ஓடியது. அந்த டாக்டர், தெருவைத் தாண்டிப் போக வேண்டிய குரலை என் மூக்குக்கு நேரே போட்டார். "உன்னை என்றும் மறவேன்" என்று எஸ்டேட்காரியிடம் சொல்லவேண்டியதை என்னிடம் கத்தினார், பல் செட்டு ஆடிவிட்டது. தெரு முழுக்க எழுந்துவிட்டது.

மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு டொமினோ மேஜைக்கு நேராகத் தெருவில் நின்று, கூப்பிய கையோடு கேட்டேன். "கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்கப்பா. வீட்டுக்குள்ள வச்சு ஒரு தடவ அளந்துக்கறேன்."

"அளந்தா எங்களுக்குக் கேக்குமா?" என்றான் அனிபால். என் மகளின் ஞானத்தகப்பன்!

"கேக்காது."

"அப்ப நாங்க எதுக்கு வாய மூடணும்? எங்க வாயக் கட்டிட்டு எங்க காத அறுக்கப் பாக்கறியா மச்சான்?"

"அண்ணே, அந்தச் சத்தத்த நம்பி ரெண்டு சட்டி எண்ணெய் கூட ஊத்தியிருக்கேன்" என்றாள் எனில்சா.

நான் வந்து பட்டனை அமுக்கினேன். எனில்சா கரண்டியால் சட்டியில் தட்டினாள். டொமினோக் கட்டையை மேஜையில் இடித்தார்கள். இதெல்லாம் போகட்டும் மாப்பிள்ளை, அவர்கள் வெளியாட்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு குரல் உச்சத்தில் பாடியது. யார் என்று எட்டிப் பார்த்தேன். நெரெய்தா. எங்கள் கல்யாணத்தில் எல்லோரும் கெஞ்சியும் பாட மாட்டேன் என்று முகத்தை மூடிக்கொண்டவள். ஆடுநாற்காலியில் சாய்ந்துகொண்டு, விசிறியால் தாளம் போட்டுக்கொண்டு, என் மெஷின் அளக்கக் கூடாது என்பதற்காகப் பாடினாள். நல்ல குரல். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் மைக்கைச் சுருட்டி வைத்துவிட்டேன். ஸ்பீக்கர்களைத் திரும்பவும் தூணில் ஏறிக் கட்டிவிட்டேன். அவளாவது கேட்கட்டும்.

இனி என்னால் ஆகாது. எட்டு மணிக்கு உலகமே என் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நான் உள்ளே இருட்டில், குதிரைக்கும் மழைக்கும் நடுவில், படத்துக்குப் பின்பக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். சன்னல் வழியாகப் பார்த்தால் அவள் முகத்தில் டிவி வெளிச்சம் தெரிகிறது. கதையில் என்ன நடக்கிறது என்று அவள் முகத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நேற்று அழுதாள். யார் செத்தார்கள் என்று தெரியவில்லை, கேட்க ஆள் இல்லை. நானே போய்க் கூப்பிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தெரு ஒன்றும் அகலம் இல்லை, இரண்டு லாரி ஒதுங்கினால் நிரம்பிவிடும். ஆனால் அந்த மேஜையைச் சுற்றி அத்தனை சாட்சிகள். கிழவன் கெஞ்சினான் என்று கார்னிவலில் பாட்டுக் கட்டிவிடுவார்கள், அனிபாலே கட்டுவான்.

ஆகையால் மாப்பிள்ளை அவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, இந்த மெஷினையும் அதன் பிள்ளைகுட்டிகளையும் லாரி அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தக்கையை மட்டும் கேட்கக் கூடாது. இரண்டு, உங்கள் மாமியாருக்கு உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதி, வீட்டுக்குப் போகும்படி சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பாள், மருமகன் என்றால் அவளுக்கு ஒரு மதிப்பு. நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதமே தெருவுக்குத் தெரியக் கூடாது என்றுதான் பஸ் ஏறி வந்து அந்நியரிடம் அடிக்கச் சொல்கிறேன்.

உங்கள் கடையில் வியாபாரம் கடல் அலை மாதிரி ஓயாமல் வரட்டும். யாமிலேயின் முழங்கால் வலி தீரட்டும். உங்கள் வீட்டில் சத்தம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே போகட்டும். மாதா திரும்பி நின்றாலும் அவள் காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நம்பி ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு, கட்டைவிரல் ரேகையோடு,
தோரிபியோ

பின்குறிப்பு: மறுநாள் காலையில் மார்சியாலிடம் திரும்பி வந்து அடிக்கச் சொல்வது. நேற்றுத் தபால் ஆபீஸ் சாத்திவிட்டதால் கடிதம் போகவில்லை. நல்லவேளை. மார்சியாலுக்கு ஒரு வழக்கம், அடித்து முடித்ததைச் சரிபார்க்க உரக்கப் படித்துக் காட்டுவார். பஸ் சத்தத்தை மீறிப் படிக்க வேண்டும் என்பதால் நன்றாகவே உரக்கப் படித்தார். பக்கத்தில் லாட்டரி விற்கிறவள் எனில்சாவின் அக்காள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பஸ் விட்டு இறங்குவதற்குள் அவள் போன் வழியாகக் கடிதம் என் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நெரெய்தா நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பனாமா எங்க இருக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"எனில்சா வீடு?"

கையை நீட்டி எதிர்வாசலைக் காட்டினேன்.

"கடலுக்கு அந்தப் பக்கம் ஆளத் தேடி என்னக் கூப்பிடச் சொல்ற. தெருவத் தாண்டி வந்து 'வா'ன்னு ஒரு வார்த்த கேக்க வாய் இல்ல. ஊருக்கெல்லாம் பேச்சு, எனக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது. அந்த மெஷினுக்கும் ஒனக்கும் என்னய்யா வித்தியாசம்? அதையாவது திருப்பி வைக்கலாம்."

டொமினோ மேஜையில் ஒரு கட்டை அசையவில்லை. சவ ஊர்வலத்தில்கூட அப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "வா நெரெய்தா" என்றேன். குரல் உடைந்துபோய்த்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

"இப்ப வர முடியாது" என்றாள். "நாடகம் ஆரம்பிக்கப் போவுது. ஒன் நாற்காலிய எடுத்துக்கிட்டு நீ வா."

போனேன். எனக்கு இடம் விட அவளே நகர்ந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை, சும்மா சொல்லக் கூடாது, மரத்தடியில் சத்தம் அபாரம். டாக்டர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. குழந்தைக்குத் தகப்பன் யார் என்பதும் தெரிந்துவிட்டது. அதை எழுதினால் தனியாக ஒரு தாள் பிடிக்கும். எனில்சா எங்களுக்குப் பின்கட்டு அறையைக் கொடுத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இப்போது மெஷின் மட்டும்தான் குடியிருக்கிறது, இனி சாயங்காலமானால் போய் அதைப் போட்டுவிட்டு வருவேன். ஆகவே மேலே கண்டதையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டுப் படிக்கவும். லாரி வேண்டாம். மாமியாருக்குக் கடிதம் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு குறைதான்: இங்கிருந்து பார்த்தால் படம் தீப்பெட்டி அளவுதான் தெரிகிறது. பெரிய டிவி ஒன்று உங்கள் கடையில் சும்மா கிடந்தால் நல்லது என்று உங்கள் மாமியார் சொல்லச் சொன்னாள். அனுப்பினால் எனில்சா வீட்டு விலாசத்துக்கு அனுப்பவும். எங்கள் வீட்டில் வாங்கி வைக்க ஆள் இல்லை.